நுவரெலியா சீசனில் சனத்தை எண்ண: வெப்ப உணரிப் பெட்டியும் கை எண்ணியும்

ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியாவுக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்டால் ஆளுக்கொரு தொகை சொல்வார்கள். கிரகரி வாவிப் பூங்காவுக்கு டிக்கட் உண்டு. அந்தக் கணக்கு அடிக்கட்டையிலேயே இருக்கிறது. யாரிடமும் இல்லாதது, பஸ் நிலையத்திலிருந்து கடைத்தெரு, விக்டோரியா பூங்கா, வாவிக்கரை என்று நடக்கிற சனத்தின் கணக்கு. நடைபாதைக் கடைக்கு எங்கே இடம் விடுவது, எத்தனை கழிப்பறை வைப்பது, வீதியை எத்தனை மணிக்கு வாகனங்களுக்கு மூடுவது என்பதையெல்லாம் அதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இதற்காக விற்கப்படும் வெப்ப உணரிப் பெட்டி, உடம்புச் சூட்டுக்கும் பின்னாலுள்ள சுவரின் சூட்டுக்கும் இடையிலான வித்தியாசத்தைப் பிடித்து எண்ணுகிறது. இரண்டு கண் உள்ளதை வாங்குங்கள். எந்தக் கண் முதலில் பிடித்தது என்பதை வைத்துப் போகிறவரையும் வருகிறவரையும் பிரித்துக் காட்டும். முகத்தைப் பதிவதில்லை, பற்றரியில் ஓடும். 1,868 மீற்றர் உயரத்துக் குளிரில் சுவர் குளிர்ந்தே இருப்பதால் சமவெளியைவிட இங்கே நன்றாகவே பிடிக்கும். ஆனால் கனத்த ஜாக்கெட்டும் மழைக்கோட்டும் அந்தச் சூட்டை மறைத்துவிடும். பிற்பகல் மழை பிடித்ததும் தொகை விழுந்தால், சனம் குறைந்துவிட்டது என்று உடனே எழுதிவிட வேண்டாம்.

பொருத்துவதில்தான் பாதிப் பேர் தவறுகிறார்கள். இடுப்பளவில், ஏறத்தாழ 80 சென்ரிமீற்றர் உயரத்தில், பாதைக்குக் குறுக்காக, எதிரே மதிலைப் பார்த்தபடி வையுங்கள். வீதியைப் பார்த்தால் சூடான வாகனங்களையும் எண்ணும். காற்றில் ஆடும் செடியில் வெயில் பட்டால் அதுவும் தொகையில் சேரும். வாவிக்கரையில் சவாரிக் குதிரைகளும் ஆட்களாகிவிடும். மழைக்குப் பயந்து கண்ணாடிக்குப் பின்னால் வைத்தால் தொகை பூச்சியம்தான். உடம்புச் சூடு சன்னல் கண்ணாடியை ஊடுருவாது. மேலே சிறு தகரக் கூரை போதும். மூன்று மீற்றர் பாதையில் மெல்லிய பனிமூட்டம் பெரிய தடையல்ல, வில்லையில் படியும் நீர்தான் தடை. காலையில் மெல்லிய உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள்.

கடலை வண்டிக்கு அருகே வைக்கவே கூடாது. நின்று பேசுகிறவர்கள் கணக்கைக் குழப்புவார்கள். மூன்று பேர் தோளோடு தோள் போனால் பெட்டிக்கு ஓர் ஆள்தான் தெரியும். எட்டுந்தூரம் எவ்வளவு என்று அட்டையில் போட்டிருந்தாலும் சீசனில் மூன்று மீற்றருக்கு மேல் அகலமான பாதையில் நம்ப முடியாது.

ஆகவே கையாலும் எண்ணித் திருத்தாமல் இந்தப் பெட்டியின் தொகையை வெளியே சொல்லக் கூடாது. 15 நிமிடத்தில் கையால் 360, பெட்டியில் 300 என்றால் பெருக்கும் எண் 1.2. நெரிசல் கூடக்கூட மறைப்பும் கூடுவதால் அதே எண்ணை நாள் முழுக்கப் போட்டால் பிழைதான். காலை, மாலை, இரவு, மழைநேரம் என்று தனித்தனியே எடுங்கள். வருவது நடமாட்டத் தொகை என்பதையும் மறக்க வேண்டாம். வாவிக்குப் போய்த் திரும்பியவர் கணக்கில் இரண்டு தடவை விழுந்திருப்பார். போனில் வைஃபை பிடித்து எண்ணித் தருகிறோம் என்பவர்களிடம் போகாதீர்கள். இன்றைய போன்கள் வைஃபையில் காட்டும் தம் அடையாள முகவரியை மாற்றிக்கொண்டே இருப்பதால் ஒரே ஆள் பலராகிவிடுவார்.

பாதுகாப்புக்கு இந்தப் பெட்டியை மட்டும் நம்புவது ஆபத்து. சமதரையில் ஒரு மீற்றர் அகலத்துக்கு நிமிடத்துக்கு 82 பேர் கடப்பது என்பதுதான் பிரித்தானிய விளையாட்டரங்கு வழிகாட்டி வைத்த உச்சம். நெரிசல் இறுகினால் நடை நின்றுவிடும். ஆபத்து ஏறும் நேரத்தில் பெட்டியின் தொகை இறங்கும். புத்தாண்டு மாலைகளில் உயரத்தில் ஒருவரை நிறுத்தி, தரையில் குறித்த சதுர மீற்றர்களில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒரு சதுர மீற்றரில் நான்கு பேரைத் தாண்டினால் உள்ளே வரும் வழியை நிறுத்த வேண்டும்.

பெட்டிக்குப் பத்துக்கு ஏழு கொடுக்கலாம், குறுகிய பாதைக்கு மட்டும். ஒரே மாலைக்கு என்றால் கட்டைவிரலால் அமுக்கும் நான்கு இலக்கக் கை எண்ணியே மேல். திசைக்கு ஓர் ஆள், அரை மணிக்கு ஒரு மாற்று. 15 நிமிடத்துக்கு ஒருமுறை பூச்சியத்துக்குத் திருப்ப வேண்டாம். திருப்பும் நேரத்தில் ஆட்கள் தவறிப் போவார்கள். ஓடும் எண்ணை எழுதிப் பிறகு கழித்துக்கொள்ளுங்கள். பென்சிலால் எழுதுங்கள், மழையில் பேனா மை கரைந்துவிடும்.