கொப்பியிலிருந்து டாலிக்கு: நீண்டகாலப் பாவனையில் தெரிந்தவை

யாழ்ப்பாணத்து ஹார்ட்வெயார் கடையொன்றில் டாலி பிரைம் என்ற கணக்கு மென்பொருளைப் போட்டால் முதலில் முகம் சுளிப்பவர் கணக்கப்பிள்ளைதான். "வயசு போட்டுது, இனி ஏறாது" என்று அவரை ஒதுக்கிவிடுவது சுகம். ஆனால் அவர் சொல்லும் குறையில் பெரும்பாலும் நியாயம் இருக்கும்.

கடன் கொப்பியைப் பாருங்கள். "சுன்னாகம் மேசன்", "பச்சை வான்காரர்" என்றுதான் பேர் இருக்கும். கணினியில் இருக்கும் பெடியனோ முழுப்பெயரை ஆங்கிலத்தில் தட்டுவான். சுப்பிரமணியம் என்பதை ஆங்கில எழுத்தில் நாலைந்து விதமாய் எழுதலாமே! ஒரே ஆளுக்கு இரண்டு லெட்ஜர், அதாவது இரண்டு தனிக் கணக்கு விழும். ஒன்றில் கடன் நிற்கும், மற்றதில் கட்டின காசு நிற்கும். "என்ரை கொப்பியிலை இப்பிடி வந்ததில்லை" என்பார் கணக்கப்பிள்ளை. உண்மைதான். லெட்ஜர் திறக்கும்போது பெயருக்குக் கீழே ஏலியாஸ் (மாற்றுப்பெயர்) என்றொரு இடம் உண்டு. கொப்பியில் உள்ள பேரையும் தொலைபேசி இலக்கத்தின் கடைசி நாலு எண்ணையும் அதில் போடுங்கள். எதைத் தட்டினாலும் அதே ஆள் வருவார். கூடவே பில்வாரியாக நிலுவை வைக்கும் தெரிவையும் அப்போதே போட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் எந்தப் பில் எத்தனை நாளாய் நிற்கிறது என்று பிறகு பார்க்க முடியாது. கணக்கப்பிள்ளையின் மனம் இளகுவது அந்த நிலுவைப் பட்டியலைக் கண்ட பிறகுதான்.

அடுத்த பிடுங்கல் திகதி. டாலி கடைசியாய்ப் பதிந்த திகதியிலேயே நிற்கும். காலையில் எஃப் 2 அழுத்தி மாற்றாவிட்டால் இன்றைய பில் எல்லாம் நேற்றைய கணக்கில் விழும். பின்னேரம் லாச்சிக் காசு ஒத்துவராது, பழி மென்பொருள் மேல். இன்னொன்று, பழைய கடன் கட்ட வந்தவரின் காசை எஃப் 8 இல், அதாவது விற்பனையில் பதிவது. விற்பனை ஊதிப்போகும், கடன் அப்படியே இருக்கும். அதற்குரியது எஃப் 6, அதாவது காசு வரவு. இந்த மூன்று விசையையும் ஒரு மட்டையில் எழுதித் திரைக்குக் கீழே ஒட்டினால் முதல் மாதத்துக்குப் போதும். மற்றதெல்லாம் பிறகு பழகலாம்.

ஆணி பெட்டியாய் வந்து கிலோவாய்ப் போகும். அலகைப் பெட்டி என்று திறந்துவிட்டு அரைக் கிலோவை 0.5 என்று பதிந்தால் அரைப் பெட்டி கழியும். கொஞ்ச நாளில் இருப்பு மைனஸுக்குப் போகும். விற்கும் அலகையே முதன்மை அலகாக வையுங்கள்.

கொப்பியும் கணினியும் சேர்ந்து ஓடுவது இரண்டு கிழமைக்கு மேல் வேண்டாம். அதற்குமேல் போனால் பகலில் கொப்பி, இரவில் அதைப் பார்த்துத் தட்டுவது என்று இரட்டை வேலையாகிவிடும், பெடியளும் வெறுத்துப்போவார்கள். ஏப்ரல் 1 இல் மாறுவது வருடக் கணக்குக்கு வசதி. ஆனால் சித்திரை வருசத்துக்குச் சனம் நெருக்கும் காலம் அது. ஆகவே பில் போடும் பழக்கத்தை மார்ச் நடுவிலேயே தொடங்கிவிடுங்கள். மார்ச் 31 பின்னேரம் ஒவ்வொருவரின் நிலுவையையும் கணக்கப்பிள்ளையே வாசிக்க, பெடியன் பதியட்டும். சரிபார்த்த பக்கங்களில் அவர் கையெழுத்தும் இருக்கட்டும்.