மூன்று நாள் பயிற்சியா, சாவகச்சேரி அக்காவா?

பயிற்சி என்றதும் யாழ்ப்பாணத்தில் சமூகக் கணினி நிலையம் நடத்துபவருக்குக் கண்ணில் வருவது ஒரே காட்சிதான். நகரத்தில் ஒரு மண்டபம், காலை ஒன்பது மணிக்கு மங்கல விளக்கு, பத்தரைக்குத் தேநீரும் வடையும், மூன்றாம் நாள் பின்னேரம் சான்றிதழும் குழுப்படமும். மற்ற முறை சக கற்றல்: நிலையத்தவர்கள் மாறி மாறி ஒருவர் இடத்துக்கு ஒருவர் போய்ப் பழகிக்கொள்வது. எதற்குக் காசு ஒதுக்கலாம் என்று இரண்டு பேர் என்னைக் கேட்டுவிட்டார்கள். இரண்டிலும் உட்கார்ந்து எழும்பியவன் என்பதால் எழுதுகிறேன்.

மண்டபத்துக்கு உரிய மரியாதையை முதலில் கொடுத்துவிடுகிறேன். எங்கள் நிலையத்துக் கணினியின் பதிவிறக்கக் கோப்புறையை ஒருநாள் திறந்து பார்த்தேன். யார் யாருடையவோ அடையாள அட்டைகள், பிறப்புச் சான்றிதழ்கள், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கங்கள் எல்லாம் மாதக்கணக்காகக் கிடந்தன. ஸ்கான் செய்து அனுப்பிய பிறகு அழிக்க வேண்டும் என்று எங்களில் எவருக்கும் தோன்றவில்லை. பக்கத்து நிலையத்தைக் கேட்டால் அங்கேயும் அதே கதை. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருப்பதை, அறியாத பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்து பேசிக் கண்டுபிடிக்க முடியாது. தெரிந்த ஒருவர் வந்து சொல்லத்தான் வேண்டும். கணக்குப் புத்தகம் எழுதுவதும் அப்படியே. இதற்கெல்லாம் ஒரு நாள் விரிவுரை போதும்; மூன்று நாள் வேண்டியதில்லை.

ஆனால் எங்களிடம் வருகிறவர்களின் தேவை மாறிவிட்டது. அரசின் இ-ஸ்ரீலங்கா திட்டத்தில் நெனசல என்ற பெயரில் பொதுக் கணினி நிலையங்கள் ஊர் ஊராகத் திறக்கப்பட்ட காலத்தில் கணினியைத் தொட்டுப் பார்க்கவே ஆட்கள் வந்தார்கள். நெனசலவுக்கு 2014 இல் கேட்ஸ் அறக்கட்டளை பத்து இலட்சம் டொலர் விருதும் கொடுத்தது. இன்று எல்லார் கையிலும் தொலைபேசி இருக்கிறது. அதில் அவிழ்க்க முடியாத முடிச்சோடுதான் எங்களிடம் வருகிறார்கள். ஒவ்வொரு முடிச்சும் ஒவ்வொரு விதம்.

ஒன்றைச் சொல்கிறேன். மகனின் பாடசாலை மாற்றத்துக்காக ஒரு தாய் எங்களிடம் கடிதம் தட்டச்சு செய்வித்தார். பாமினி எழுத்துருவில் அடித்து மின்னஞ்சலில் அனுப்பினோம். நாலாம் நாள் திரும்பி வந்தார். அலுவலகத்தில் திறந்தபோது ஆங்கில எழுத்துகளை அள்ளிக் கொட்டியது போல இருந்ததாம். நான் போயிருந்த ஒரு பயிற்சியில் இதைக் கேட்டேன். திரையில் காட்டிய வில்லைகள் ஆங்கிலத்தில், விளக்கம் சிங்களத்தில், மொழிபெயர்ப்பு தேநீர் இடைவேளையில். "குறித்துக்கொள்கிறோம்" என்றார்கள். குறித்த தாள் இன்னும் எங்கேயாவது இருக்கும்.

விடை சாவகச்சேரியில் இருந்தது. அங்கே ஒரு நிலையத்தில் ஏழெட்டுப் பேர் கூடியபோது, பதிப்பகமொன்றில் முன்பு வேலை பார்த்த அக்கா ஒருவர் மடிக்கணினியை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். பாமினி என்பது ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை உட்கார வைக்கும் வேலை; அந்த எழுத்துரு இல்லாத கணினியில் முகமூடி கழன்றுவிடும் என்றார். பழைய கடிதத்தை எழுத்துரு மாற்றும் மென்பொருளில் போட்டு, எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யுனிகோடாக எடுத்தார். பிறகு 2008 இன் எஸ்.எல்.எஸ். 1326 என்ற இலங்கைத் தரத்தில் உள்ள ரெங்கநாதன் விசைப்பலகையைத் திறந்து, என் கையைப் பிடித்து வைத்து, "யளனகப அடியுங்கள் தம்பி" என்றார். அதுவும் பழைய தட்டச்சுப் பொறியின் வழி வந்ததுதான் என்பதால், விரல்கள் பெரும்பாலும் வழக்கமான இடத்துக்கே போயின. கால் மணி நேரம்.

நெடுந்தீவு நிலையத்துத் தங்கை ஒருவர் காட்டியது இன்னொன்று. தீவிலிருந்து குறிகட்டுவான் இறங்குதுறைக்கே கடலில் ஒரு மணி நேரப் பயணம் என்பதால் நகரத்து மண்டபத்தின் முதல் அமர்வை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. 2022 இல் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு இருந்த நாட்களில், இணைய விண்ணப்பம் ஒவ்வொன்றையும் தாளில் அப்படியே வரைந்து பிரதி எடுத்து வைத்திருக்கிறார். சனம் வீட்டிலேயே நிரப்பிக்கொண்டு வரும். மின்சாரம் வந்ததும் வரிசையாக ஏற்றிவிடுவார். இப்போது அந்தத் தாள் எங்கள் மேசையிலும் இருக்கிறது.

இப்படிப் பக்கத்தில் இருந்து செய்து பழகுவது எங்களுக்கு மட்டும் உரியதல்ல. லைபீரியாவின் தையற்கடைகளை ஆராய்ந்தவர்கள், பழகுநர் அங்கே பொத்தான் தைப்பதிலும் விளிம்பு மடிப்பதிலும்தான் தொடங்குகிறார் என்று எழுதியிருக்கிறார்கள். எங்கள் சைக்கிள் கடைப் பையன்களைப் பார்த்தவர்களுக்கு இது புதினமல்ல.

ஒருவரை அனுப்பி அவர் வந்து மற்றவர்களுக்குச் சொல்லும் அடுக்குப் பயிற்சியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அன்னதானத்தில் கடைசிப் பந்திக்கு வரும் சாம்பாறு அது. தொலைபேசியில் பார்க்கும் பாடங்களை எங்கள் வட்டத்தில் எவரும் முடித்ததாக நினைவில்லை, நான் உட்பட.

சக கற்றலைத் தலையில் தூக்கி வைக்கவும் மாட்டேன். ஒருமுறை பென் டிரைவ் ஒன்றைக் கைமாற்றிக் கோப்புகளைப் பகிர்ந்தோம். பாடம் ஐந்து நிலையத்துக்குப் போனது, வைரஸும் ஐந்து நிலையத்துக்குப் போனது. மூத்த அண்ணை ஒருவர் பிழையாகச் சொன்னால் இருபது வயதுப் பிள்ளை வாய் திறக்காது. அதனால் இப்போது வயதில் குறைந்தவர் முதலில் செய்து காட்ட வேண்டும் என்று வைத்திருக்கிறோம். போட்டியும் உண்டு. பக்கத்துப் பக்கத்து நிலையங்கள் பரீட்சைப் பெறுபேறு வரும் நாளில் ஒரே சனத்துக்கு அடிபடுகின்றன. தொழில் இரகசியத்தை யார் சொல்வார்? ரியூட்டரிகள் எனும் தனியார் வகுப்புகள் தெருவுக்குத் தெரு மல்லுக்கட்டும் ஊரல்லவா. தூரத்து நிலையங்களைச் சோடி சேர்த்தால் நாக்கு அவிழ்கிறது.

கேட்டவர்களுக்கு என் கணக்கு இது: வருடத்தில் ஒரு நாள் மண்டபம், சட்டத்துக்கும் கணக்குக்கும், தமிழில் பேசுகிற ஒருவரோடு. மிச்சக் காசு பஸ்ஸுக்கும் படகுக்கும் சோற்றுப் பார்சலுக்கும். மாதம் ஒரு நிலையம், அன்று கதவைச் சாத்த வேண்டாம். வருகிற வாடிக்கையாளரின் முடிச்சுத்தான் பாடம்.

ஒரு தடை மட்டும் மிச்சம். சம்பள உயர்வுக்கு விண்ணப்பித்தால் சான்றிதழ்களின் பிரதி கேட்கிறார்கள். என்னிடம் ஆறு இருக்கின்றன. சாவகச்சேரி அக்காவிடம் ஒன்றுமில்லை.