எட்டாம் பாரம்

பொங்கலுக்கு வருகிறேன் என்று அம்மாவிடம் சொன்னாலும், போனது சென்னை நந்தனம் புத்தகக் காட்சிக்குத்தான். 1977இல் தொடங்கிய காட்சி. புதுப் புத்தகம் என்றால் பதிப்பகங்கள் ஜனவரிக்கென்றே பிடித்து வைத்திருக்கும். ஸ்டுட்கார்ட் குளிரில் வீட்டுக்குள் அடைந்து கிடந்து எழுதிய என் நாவலும் அந்தக் கும்பலில் ஒன்று.

மெட்ரோ அருமை. நந்தனத்தில் இறங்கி நடந்தால் ஒய்எம்சிஏ மைதானம், ஆட்டோ பேரமே இல்லை. காசு விஷயம்தான் இழுபறி. டீக்கடையிலிருந்து புத்தக ஸ்டால் வரை ஜிபே கேட்கிறார்கள்; சிங்கப்பூர், அமெரிக்கா மாதிரி சில நாட்டு எண்களுக்கு யூபிஐ உண்டு, என் ஜெர்மன் எண்ணை வங்கி ஏற்கவில்லை. ஐந்நூறை நீட்டினால் சில்லறைக்குப் பக்கத்து ஸ்டாலுக்கு ஓடுகிறார்கள். நூறு ரூபாய்த் தாள்களாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, புத்தகத்துக்கு வருவோம். காட்சியின் நான்காம் நாள் சாயங்காலம்தான் வந்து சேர்ந்தது, பசை வாசனையோடு. மறுநாள் ஒரு வாசகர் திரும்பி வந்தார். “சார், 112ஆம் பக்கத்துல அவ பஸ்ஸை விட்டு இறங்கிட்டா. அடுத்த பக்கத்துல மறுபடி அதே பஸ்ஸுக்குக் காத்திருக்கா. இது பின்நவீனத்துவமா?” கிண்டல் இல்லை, மெய்யாகவே கேட்டார். பாரம் என்றால் ஒரே தாளில் அச்சாகி மடிக்கப்படும் பதினாறு பக்கம். பிரித்துப் பார்த்தால் ஏழாம் பாரம், அதாவது 97 முதல் 112 வரை, இரண்டு தடவை சேர்ந்திருக்கிறது; எட்டாம் பாரத்தைக் காணோம். ஆமாம் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம்.

பதிப்பாளர் அச்சகத்தைக் கைகாட்டினார், அச்சகம் பைண்டிங்கைக் கைகாட்டியது, பைண்டிங் ஆட்கள் பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டார்கள். நாற்பது பிரதிகள் அப்படி. கடைசியில் எட்டாம் பாரத்தை மட்டும் தாள்களாக வாங்கி, ஸ்டாலுக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் மூன்று மடிப்பு மடித்து, ஸ்கேலால் ஓரம் கிழித்து, திரும்பி வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தேன். அன்று மாலைக் கூட்டத்தில் ஒருவர் நாவலின் ‘காலச் சுழற்சி’யை வெகுவாகப் பாராட்டினார். அவர் கையில் எந்தப் பிரதி இருந்தது என்று நான் கேட்கவில்லை.

எதிர்பாராமல் நன்றாக நடந்தது தஞ்சாவூர் தபால் ஆபீஸில். விமானத்தில் 23 கிலோதான், அதில் பாதி அம்மாவின் வடகமும் பொடியும், எனவே பன்னிரண்டு பிரதிகளைப் பார்சலில் அனுப்பப் போனேன். ஆதார் இல்லை, பாஸ்போர்ட் போதும் என்றார் கவுன்ட்டரில் இருந்த அம்மா. சுங்கப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் என்ன எழுத வேண்டும் என்று பேனாவாலேயே தொட்டுத் தொட்டுக் காட்டினார். பின்னட்டையில் என் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “நீங்க எழுதினதா சார்?”

பெட்டியின் ஓரத்தில் மடித்த தாள் ஒன்று துருத்திக்கொண்டிருந்தது.

“இது என்ன, கிழிஞ்சு வந்துடுச்சா?”

“இல்லம்மா, எட்டாம் பாரம்.”

அதையும் உள்ளே தள்ளி எடை போட்டார்.