மூச்சும் காயமும்: ஹேலோ தொகுப்போடு ஒரு மழைக்காலம்

ஒக்டோபர் கடைசியில் எங்கள் படகு நிலாவெளிக் கரையில் ஏறிவிடும். வாடைக்காற்று தொடங்கியபின் புறாமலைத் தீவுக்கு யாரையும் கூட்டிப்போக முடியாது. கடல் கலங்கி, முகத்துக்கு முன்னால் இருக்கும் பவளப்பாறைகூட மங்கலாகத்தான் தெரியும். சித்திரை வரை எனக்கு வேலை குறைவு. கடந்த மழைக்காலத்தின் அந்த மாதங்கள் முழுவதும் ஒரே பொருளோடு போயின: கணினிக்கான 'ஹேலோ: த மாஸ்டர் சீஃப் கலெக்‌ஷன்'. ஸ்டீம் என்ற இணைய ஆட்டக் கடையில் தள்ளுபடி வந்த நாளில் வாங்கினேன். ஹேலோ என்ற சுடும் ஆட்டத் தொடரின் ஆறு ஆட்டங்கள் அதற்குள் இருக்கின்றன. கதையையும் இசையையும் பற்றி எழுத எத்தனையோ பேர் இருக்கிறார்கள். எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான்: ஆடுபவனுக்கு அடிபட்டால் என்ன ஆகிறது, அந்த அடி எப்படி ஆறுகிறது. ஆறு ஆட்டங்களும் இதற்கு ஒரே பதிலைச் சொல்லவில்லை. சுழியோடிப் பிழைப்பவனுக்கு அந்த வேறுபாடு சிறிய விஷயமாகத் தெரியாது.

பாடசாலைக் காலத்தில் பஸ் நிலையத்துக்கு அருகிலிருந்த ஓர் இணையக் கடையில்தான் முதல் ஹேலோவைப் பார்த்தேன். இலவசமாகக் கொடுக்கப்பட்ட முன்னோட்டப் பிரதி அது. தனியாக ஆட ஒரேயொரு கட்டம் மட்டும் இருந்தது, 'த சைலண்ட் கார்ட்டோகிராஃபர்'. வானூர்தி கடலின் மேல் தாழப் பறந்து வந்து ஒரு தீவின் மணற்கரையில் நம்மை இறக்கிவிடும். இருட்டுமுன் வீடு வந்துவிட வேண்டிய காலம். அரை மணி நேரத்துக்குத்தான் காசு கொடுப்போம். அந்தக் கரையிலேயே பத்துத் தடவை செத்திருப்பேன். ஆனாலும் திரையின் மூலையில் மேலும் கீழுமாக இருந்த இரண்டு பட்டைகள் மனதில் தங்கிவிட்டன.

அதற்கு முன்னைய சுடும் ஆட்டங்களில் உயிர் ஓர் எண்ணாக இருந்தது. 1993 இல் வந்த 'டூம்' ஆட்டத்தில் நூறு சதவீதத்தோடு தொடங்குவோம். சிறிய மருந்து எடுத்தால் 10 கூடும், பெரிய பெட்டி எடுத்தால் 25 கூடும். எதுவும் தானாக ஆறாது. 2001 நவம்பரில் எக்ஸ்பொக்ஸ் ஆட்டக் கருவியோடு வந்த முதல் ஹேலோவில் பன்ஜி நிறுவனம் உயிரை இரண்டாகப் பிரித்தது. மேலே கவசம். அடி முதலில் அதில்தான் விழும். சில வினாடிகள் அடிபடாமல் ஒதுங்கி நின்றால் ஒரு ஏறுமுக ஓசையோடு அது தானாக நிரம்பும். கீழே எட்டுக் கட்டங்களாக உடல். கவசம் வற்றியபின் விழும் அடி அங்கே இறங்கும். அது தானாகத் திரும்பாது. வழியில் எங்காவது கிடக்கும் மருந்துப்பெட்டியை எடுத்தால்தான் உண்டு.

இதை நான் முழுமையாக விளங்கிக்கொண்டது கடலில்தான். மூச்சடக்கிக் கீழே போய் மேலே வருகிறோம். நீர்மட்டத்தில் மல்லாந்து கிடந்து நிதானமாக இழுத்துவிட்டால் இரண்டு நிமிடத்தில் மூச்சு திரும்பிவிடும். எத்தனை தடவை போனாலும் அப்படித்தான். காது வேறு விதம். மூன்று வருடங்களுக்கு முன் ஒரு பயணியின் கமரா கைதவறி விழுந்தது. எனக்குத் தடிமன். மூக்கைப் பிடித்து ஊதினால் காது திறக்கவில்லை என்று தெரிந்தும், நாலைந்து மீற்றர்தானே என்று போனேன். கமரா கிடைத்தது, செவிப்பறை கிழிந்தது. ஏழு வாரம் தண்ணீரில் தலை நனைக்கவில்லை. அந்த வருடப் பருவத்தின் நல்ல பாதி அப்படியே போனது. மூச்சைத் தாராளமாகச் செலவழிக்கலாம், காதைச் செலவழிக்கக் கூடாது என்பது அன்றிலிருந்து எனக்கு விதி. முதல் ஹேலோவின் இரண்டு பட்டைகளும் எனக்கு மூச்சும் காதுமாகவே தெரிகின்றன.

ஆட்டத்தில் இது என்ன செய்கிறது என்பதுதான் முக்கியம். கவசம் திரும்பும் என்பதால் பாறைக்குப் பின்னாலிருந்து வெளியே வரத் துணிவு வருகிறது. உடல் திரும்பாது என்பதால் எப்போது உள்ளே போவது என்ற கணக்கும் கூடவே வருகிறது. எதிரிக்கும் அதே விதி. எலைட் எனப்படும் உயரமான வீரர்களுக்கும் கவசம் உண்டு. நாம் ஒளிந்து நின்று நிரப்பிக்கொள்ளும் அதே நேரத்தில் அவனும் நிரப்பிக்கொள்கிறான். ஆகவே மறைவில் அதிக நேரம் நின்றால் நமக்குத்தான் நட்டம். பிளாஸ்மா கைத்துப்பாக்கியின் விசையை அழுத்திப் பிடித்துச் சேர்த்து ஒரே அடியாக விட்டால் அவனுடைய கவசம் உரிந்துவிடும், பிறகு சாதாரணக் கைத்துப்பாக்கியால் தலையில் ஒரு குண்டு போதும். கவசத்துக்கு ஓர் ஆயுதம், உடலுக்கு இன்னொன்று. உயிரை இரண்டாகப் பிரித்ததால்தான் ஆயுதங்களுக்கும் தனித்தனி வேலை கிடைத்தது.

மருந்துப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக முடியாது என்பதும் அழகான ஏற்பாடு. ஒரு பெட்டி உடலை முழுதாக நிரப்பும். இரண்டு கட்டம் மட்டும் குறைந்திருக்கும்போது எடுத்தால் மீதி வீண். அதனால் அதை அங்கேயே விட்டுவிட்டு, சண்டை முடிந்தபின் திரும்பி வந்து எடுப்பேன். அது கிடக்கும் மூலையை நினைவில் வைத்துக்கொண்டு சண்டையிடுவதால் இடமே வேறு விதமாகப் பழகுகிறது. தீவின் மணற்கரையில் எந்தப் பாறைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று புறாமலையின் பாறைகளைப் போலவே எனக்குத் தெரியும்.

குறையும் இருக்கிறது, மறைக்க மாட்டேன். உடல் பட்டையில் ஒரே கட்டம் மீதமிருக்கும்போது ஆட்டம் நம் நிலையைச் சேமித்துவிட்டால், செத்துச் செத்து அந்த ஒரே கட்டத்தோடுதான் மீண்டும் தொடங்க வேண்டும். 'த லைப்ரரி' கட்டத்தில் ஒரு மழை இரவு முழுவதும் அப்படி மாட்டிக்கொண்டேன். பட்ட காலிலே படும் என்பார்கள், அதை லெஜெண்டரி என்ற மிகக் கடினமான நிலையில் ஆடிப் பார்த்தால் தெரியும்.

2004 இல் வந்த இரண்டாம் ஹேலோவில் உடல் பட்டையைத் திரையிலிருந்து எடுத்துவிட்டார்கள். உடல் உள்ளே இருக்கிறது. கவசம் போனபின் சில குண்டுகளை அது தாங்கும். ஆனால் கண்ணுக்குத் தெரியாது, தானாகவே ஆறிவிடும். மருந்துப்பெட்டிகளும் இல்லை. கவசமும் முன்னதைவிட வேகமாக நிரம்புகிறது. சண்டைக்குச் சண்டை எல்லோரும் புதிதாகத் தொடங்குவதால், ஒவ்வொரு மோதலையும் கடினமாக அமைக்க உருவாக்கியவர்களுக்கு வசதி கிடைத்தது. அந்த வசதியின் விலையை லெஜெண்டரியில் கொடுத்தேன். தூரத்து மாடியில் நிற்கும், ஜக்கல் என்ற எதிரி இனத்துக் குறிசுடுவோன் ஒரே குண்டில் முடித்துவிடுவான். அதில் கணக்குப் போட எதுவும் இல்லை. அவன் நிற்கும் இடத்தை மனப்பாடம் செய்வது ஒன்றுதான் வழி.

அந்த நாட்களில் காற்று எந்தப் பக்கம் வீசியது என்பதற்குக் 'கோல் ஒஃப் டியூட்டி' நல்ல சாட்சி. 2003 இல் வந்த முதலாவதில் உயிர்ப்பட்டையும் மருந்துப்பெட்டியும் இருந்தன. 2005 இல் வந்த இரண்டாவதில் இரண்டும் போய்விட்டன. ஒதுங்கி நின்றாலே எல்லாம் ஆறியது. அந்த வகை ஆட்டங்களில் எனக்குக் கவலையே வருவதில்லை, அதனால் மகிழ்ச்சியும் குறைவாகவே வருகிறது.

மூன்றாம் ஹேலோ, 2007, இரண்டாவதின் வழியிலேயே போகிறது. ஆனால் ரீஜெனரேட்டர் என்ற ஒரு கருவியைத் தருகிறது. நிலத்தில் போட்டால் அதன் வட்டத்துக்குள் நிற்பவர்களின் கவசம் நிரம்பிக்கொண்டே இருக்கும். எதிரி வட்டத்துக்குள் வந்தால் அவனுக்கும் நிரம்பும். நல்ல யோசனை. ஆட்ட விதியை மாற்றும் மண்டையோட்டுக் குறிகளில் 'பிளாக் ஐ' என்பதைத் தெரிவுசெய்தால் கவசம் தானாக நிரம்பாது, எதிரியைக் கையால் அடித்தால்தான் நிரம்பும். ஒரு வாரம் அப்படி ஆடினேன். கை வலித்தது, மனம் நிறைந்தது.

இப்போது நான் இந்தத் தொகுப்பை வாங்கியதற்கான உண்மையான காரணத்துக்கு வருகிறேன்: 2009 இல் வந்த 'ஹேலோ 3: ஓ.டி.எஸ்.டி.' இதில் நாம் கவசமணிந்த மாவீரன் இல்லை. சாதாரண மனிதன், அணியின் புதிய ஆள். நியூ மொம்பாசா நகரத்தில் விழுந்து ஆறு மணித்தியாலம் மயங்கிக் கிடந்து எழும்புகிறான். இரவு. மழை. தன் அணியினர் எங்கே போனார்கள் என்று வெறுந்தெருக்களில் தேடி நடக்கிறான். பின்னணியில் சாக்சபோன் அழுகிறது. கவசத்தின் இடத்தில் இங்கே இருப்பது தாங்குதிறன். அடிபட்டால் திரை சிவக்கிறது, அவன் மூச்சு வாங்குவது காதில் கேட்கிறது. ஒதுங்கி நின்றால் மூச்சு சீராகிறது, சிவப்பு வடிகிறது. அந்தத் தாங்குதிறன் தீர்ந்தபின்னும் நின்றால் உடல் பட்டை குறையும். அது மருந்துப்பெட்டியால் மட்டும்தான் திரும்பும்.

முதல் தடவை அந்த மூச்சுச் சத்தம் கேட்டபோது நான் கைகளை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிட்டேன். முகமூடிக் குழாய்க்குள் என் சொந்த மூச்சு எனக்குக் கேட்பதும் அப்படித்தான் இருக்கும். என் தொழிலின் பயத்தை இவ்வளவு சரியாகச் சொன்ன ஆட்டம் வேறு இல்லை. வெளியே கூரைத் தகரத்தில் கார்த்திகை மழை, உள்ளே நியூ மொம்பாசாவின் மழை. ஒலிபெருக்கியைக் குறைத்தால் எது எங்கே பெய்கிறது என்று பிரித்தறிய முடியவில்லை.

மழை விடுமுறைக்கு அக்காவின் மகன் வந்திருந்தான். பதின்மூன்று வயது, கைபேசியில் பப்ஜி ஆடி வளர்ந்தவன். முதல் நாள் நான் ஒரு கடைவாசலில் ஒதுங்கி நின்றதைப் பார்த்துவிட்டு, "மாமா, பெட்டியை எடுங்கள், ஏன் சும்மா நிற்கிறீர்கள்?" என்று கேட்டான். அவனுடைய ஆட்டத்தில் முதலுதவிப் பெட்டி 75 வரைதான் ஏற்றும், முழுதாக ஆறப் பெரிய பெட்டி வேண்டும். எல்லாமே பையில் இருக்கும், நினைத்த இடத்தில் இருந்து கட்டுப் போடலாம். இங்கே அப்படி இல்லை, எது தானாக வரும், எது வராது என்று பார் என்றேன். இரண்டு மணித்தியாலத்தில் பிடித்துக்கொண்டான். மூன்றாம் நாள், சுவரில் மருந்துப்பெட்டி இருப்பதைக் கண்டும் தொடாமல் நடந்தான். ஏன் என்று கேட்டேன். "மூச்சு மட்டும்தானே போனது, உடம்பில் படவில்லை மாமா" என்றான். பருவம் தொடங்கியதும் அவனைத் தண்ணீருக்குக் கூட்டிப்போகலாம் என்று அன்றே அக்காவிடம் சொன்னேன்.

2010 இன் 'ஹேலோ: ரீச்' ஒரு நடுவழி. கவசமும் இருக்கிறது, உடல் பட்டையும் மருந்துப்பெட்டியும் திரும்பி வந்திருக்கின்றன. உடல் பட்டை பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, அடிபட்ட பகுதியின் எல்லை வரைக்கும் மட்டும் தானாக ஆறும். முழுப் பகுதி ஒன்று போய்விட்டால் பெட்டி வேண்டும். சிறு கீறல் ஆறும், ஆழமான காயம் ஆறாது என்ற நியாயம் இதில் இருக்கிறது. ஆடுபவனைக் கைவிடாமலும் கெடுக்காமலும் நடத்துகிறது. தொகுப்பில் மிகவும் சமநிலையான ஏற்பாடு எது என்று கேட்டால் ரீச்சைத்தான் சொல்வேன், மனதுக்கு நெருக்கமானது ஓ.டி.எஸ்.டி. என்றாலும். ரீச்சின் கடைசிக் கட்டத்தின் பெயர் 'லோன் உல்ஃப்'. அங்கே தரப்படும் ஒரே கட்டளை, உயிரோடு இரு என்பது. அடிபட அடிபடத் தலைக்கவசத்தின் கண்ணாடி வெடித்துக்கொண்டே போகும். அந்த வெடிப்புகள் எந்தப் பெட்டியாலும் ஆறா. அன்று இரவு எனக்குத் தூக்கம் வர வெகுநேரம் எடுத்தது.

2012 இல் வேறு நிறுவனம் செய்த ஹேலோ 4 இல் மருந்துப்பெட்டி இல்லை. பார்க்க அழகாக இருக்கிறது.

வாங்க நினைப்பவர்களுக்கு: முழுத் தொகுப்பும் நூறு ஜிகாபைட்டைத் தாண்டும். மாதத்துக்கு அளந்து கொடுக்கும் நம் வீட்டு இணைப்புகளில் ஒரே மூச்சில் இறக்க நினைக்க வேண்டாம். ஆட்டங்களைத் தனித்தனியாகத் தெரிவுசெய்து இறக்கலாம். நான் இரவுத் தரவில் வாரத்துக்கு ஒன்றாக எடுத்தேன். தமிழில் வசன எழுத்து இல்லை, சிறுவர்களுக்குப் பக்கத்தில் யாராவது இருந்து கதையைச் சொல்ல வேண்டும். முதல் ஹேலோவை முதலில் எடுங்கள். ஈஸியை விட்டு, குறைந்தது நோர்மலில், முடிந்தால் ஹீரோயிக்கில் ஆடுங்கள், கீழ்ப்பட்டையின் அருமை அங்கேதான் தெரியும். இரண்டாவது ஓ.டி.எஸ்.டி., இரவில், மழை பெய்தால் இன்னும் நல்லது. மூன்றாவது ரீச். மற்றவை வட்டில் இடமிருந்தால்.