ஷிங்கட்டீக் தீவுல வீடு புக் பண்றவங்க கவனம்! எங்க 1,340 டாலர் போச்சு

கோவத்துல கை நடுங்குது, அதனால எழுத்து முன்னப்பின்ன இருந்தா பொறுத்துக்கோங்க. வர்ஜீனியால இருக்கிற ஷிங்கட்டீக் தீவுக்கு இந்த சீசன்ல யாராவது பிளான் போட்டிருந்தா தயவுசெஞ்சு முழுசா படிங்க.

திருச்சியில இருந்து அம்மா வந்திருக்காங்க, அக்டோபர்ல கிளம்பிடுவாங்க. நயாகரா, நியூயார்க் எல்லாம் கூட்டத்துல இடிபட்டு பாத்தாச்சு, ஊருக்குப் போறதுக்குள்ள அமைதியா ஒரு இடம் காட்டணும்னு ஆசை. ஷிங்கட்டீக்ல ஜூலை கடைசியில குதிரைங்க கால்வாயை நீந்திக் கடக்குறப்போ நிக்க இடம் இருக்காது, ஆனா செப்டம்பர் முதல் திங்கள்ல வர்ற லேபர் டே லீவு முடிஞ்சதும் கூட்டம் வடிஞ்சிடும். எதிர்ல அசட்டீக் தீவுல காட்டுக் குதிரை, தெற்க கிளம்புற பறவைங்க, மோனார்க் பட்டாம்பூச்சி எல்லாம் நிம்மதியா பாக்கலாம். நியூஜெர்சி எடிசன்ல இருந்து கார்ல நாலு மணி நேரத்துக்கு மேல ஆகும்.

வீடு எடுத்தது விடுமுறை வீடுங்க வாடகைக்கு விடுற ஒரு ஆப்ல. பணத்தைத் திருப்பிக் கேட்டு டிஸ்ப்யூட் போயிட்டிருக்கு, அதனால ஆப் பேர் போடல. வெரிஃபைடுன்னு டிக் இருந்துச்சு, ரிவ்யூவும் நல்லா இருந்துச்சு, அதுக்கு மேல இவர் அந்த வீட்டைப் போட்டிருந்த ஹோஸ்ட்கிட்ட போன்லயே பேசினார். எவ்வளவு பாசமா பேசினான் தெரியுமா! வயசானவங்க வர்றாங்களா, வாசல்ல மூணு படிதான், கைப்பிடி இருக்கு கவலைப்படாதீங்க, சதுப்பு நிலம் பக்கத்துல கொசு ஜாஸ்தி, ஸ்ப்ரே மறக்காதீங்க, சாயங்காலம் மூணு மணிக்கு மேலதான் அசட்டீக் சரணாலயத்துக்குள்ள வைல்ட்லைஃப் லூப்ங்கிற சுத்துப் பாதைல காரை விடுவாங்க, அம்மாவை நடக்க வைக்காம அப்ப கூட்டிட்டுப் போங்கன்னு. அந்த மூணு மணி விஷயம் நிஜம்தான், நாங்களே செக் பண்ணோம். இவ்வளவு தெரிஞ்சவன் வீட்டுக்காரனாத்தான் இருப்பான்னு யாருக்கும் தோணும். புயல் சீசன், கடைசி நேரத்துல கேன்சல் பண்ணிடுறாங்க, அதனால முழுப் பணமும் முன்னாடியேன்னு கேட்டான். செப்டம்பர்ல அந்தக் கரைக்கு புயல் பயம் இருக்கிறது உண்மைதானே. ஆப் வழியாவே கட்டினோம், 1,340 டாலர், வெளியில ஒரு பைசா அனுப்பல, இதை அழுத்திச் சொல்றேன்.

வெள்ளிக்கிழமை இருட்டினப்புறம் போய்ச் சேந்தோம். போட்டோல இருந்த அதே நீலக் கதவு, அதே மூணு படி, ஆனா உள்ள லைட் எரியுது. ஒரு பெரியவர் வந்து கதவைத் திறக்கிறார், பின்னாடி பேரப் பிள்ளைங்க. அவங்க அந்தத் தீவுலயே இருக்கிற ஏஜென்சி மூலமா முறையா எடுத்திருக்காங்க. பாவம் அந்த மனுஷன், அவரே ஏஜென்சியோட அவசர நம்பருக்குப் போட்டுக் குடுத்தார். ஏஜென்சில போன் எடுத்த அந்தம்மா சொன்னதைக் கேட்டுத்தான் எனக்கு ரத்தம் கொதிச்சுது. எங்க போட்டோவைத் திருடிப் போட்டிருக்காங்க, இதே மாதிரி இன்னொரு குடும்பமும் ஏமாந்து வந்து நின்னுச்சு, அந்த ஆப்புக்கு அப்பவே கம்ப்ளெயின்ட் குடுத்துட்டோம்ங்கிறாங்க. அப்போ ஆப்காரங்க தெரிஞ்சே விட்டு வச்சிருக்காங்க!

கொசு மொய்க்குது, கார் கதவைத் திறக்க முடியல, குழந்தை அழுவுது, அம்மா ஒண்ணும் பேசாம உக்காந்திருக்காங்க. அந்த ஆளோட நம்பர் ஸ்விட்ச் ஆஃப். ஆப் சாட்ல கேட்டா முதல்ல ஹோஸ்ட்டைத் தொடர்புகொள்ளுங்கங்கிறான், அடுத்தவ வந்து போட்டோ அனுப்புங்க, 72 மணி நேரம் ஆகும்ங்கிறா, அந்த ராத்திரில 72 மணி நேரத்துக்கு எங்க போறது? கடைசியில பெருநிலத்துக்குத் திரும்பி பொகோமோக் சிட்டில ஒரு ரூம் பிடிச்சோம், அந்தக் காசு தனி. மறுநாள் ஆப்ல இருந்து வந்த பதில் என்ன தெரியுமா, நீங்க செக் இன் பண்ணதா ஹோஸ்ட் பதிவு பண்ணியிருக்கார், அதனால ரீஃபண்ட் கிடையாது, நல்லெண்ணமா அடுத்த பயணத்துக்கு 100 டாலர் கிரெடிட் தர்றோம்னு. 1,340 டாலரை வாங்கிட்டு 100 டாலர் கிரெடிட்டாம், அதுவும் அவங்க ஆப்லயே செலவு பண்ணணுமாம். சூப்பர்வைசரைக் கேட்டேன், கேஸ் குளோஸ்டுன்னு மெயில் வந்துச்சு.

என்ன பண்ணணும்னு விவரமா எழுதணும்னுதான் உக்காந்தேன், இப்ப முடியல. அவசரத்துக்கு இது மட்டும். வீட்டு போட்டோவை கூகுள்ல போட்டுத் தேடுங்க, வேற ஏஜென்சி பேர்ல வந்தா அவங்களுக்கே போன் பண்ணிக் கேளுங்க. அசட்டீக்கோட வர்ஜீனியா பக்கம் தங்க வீடே கிடையாது, கேம்பிங்கும் கிடையாது, கேம்பிங் மேரிலாந்து பக்கம்தான், அதனால அசட்டீக் பீச்லயே வீடுன்னு எவனாவது போட்டா பொய். கிரெடிட் கார்டுலயே கட்டுங்க, ஸ்டேட்மென்ட் வந்த 60 நாளுக்குள்ள பேங்குக்கு எழுத்துல டிஸ்ப்யூட் அனுப்பிடுங்க. மோசடிப் புகார் வாங்குற அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிசி சைட்லயும் புகார் குடுங்க, நான் குடுத்துட்டேன்.

இன்னைக்குக் காலைல பாத்தா அதே நீலக் கதவு, அதே மூணு படி, வேற ஹோஸ்ட் பேர்ல மறுபடி ஏறியிருக்கு. அக்டோபருக்கு புக்கிங் ஓப்பன்னு போட்டிருக்கான். யாரும் கட்டிடாதீங்க.