கயிறா, வெண்கட்டிக் கோடா, மேட்டுப்பாதையா?

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் குத்துச்சண்டை பழகுகிறவர்களிடம் போய், "ரிங்கில் என் கால் சரியாக நகரவில்லை, என்ன செய்யலாம்?" என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் கயிறு அடிக்கச் சொல்வார். இன்னொருவர் விடியற்காலையில் எழும்பி மேட்டு ரோட்டில் ஓடச் சொல்வார். போனில் வீடியோ பார்த்துப் பழகும் பொடியன்கள் தரையில் நாடா ஏணி விரித்து அதற்குள் குதிக்கச் சொல்வார்கள். எல்லாவற்றையும் செய்ய நேரமிருந்தால் பிரச்சினையே இல்லை. வேலை முடிந்து பஸ் பிடித்துத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தால் எனக்கு மிஞ்சுவது நாற்பது நிமிடம். மே மாதம் பிறந்துவிட்டால் அதிலும் பாதி நாள் மழை. அந்த நாற்பது நிமிடத்தை எதற்குக் கொடுப்பது?

ரிங்குக்குள் கால் செய்ய வேண்டிய வேலை இரண்டே இரண்டு. குத்து எட்டும் தூரத்துக்குள் நம்மைக் கொண்டுபோய், திரும்ப வெளியே கொண்டுவர வேண்டும். அப்படிப் போய் வரும்போது நிற்கும் நிலை குலையக் கூடாது. வலக்கைக்காரர் என்றால் இடது கால் முன்னால், வலது கால் பின்னால், இரண்டுக்கும் இடையே தோளகலம், பின்னங்கால் குதி கொஞ்சம் தூக்கியபடி. போகிற பக்கத்துக் கால்தான் முதலில் நகரும். முன்னே போக முன்னங்கால், பின்னே வரப் பின்னங்கால், இடப்பக்கம் போக இடது, வலப்பக்கம் போக வலது. மற்றக் கால் அதே அளவு தூரம் தொடர்ந்து வரும். இவ்வளவுதான் பாடம். சொல்ல ஒரு நிமிடம் போதும், காலுக்குள் இறங்க எனக்கு ஒரு வருடம் பிடித்தது. அதில் முதல் ஆறு மாதம் வீண் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

அந்த ஆறு மாதமும் நான் கயிறுதான் அடித்தேன். மூன்று நிமிடம் அடித்து ஒரு நிமிடம் ஓய்வு, ரிங்கில் உள்ள ரவுண்ட் கணக்கு அப்படியே. நைலோன் கயிறுதான். நடுவில் மிதித்து நின்று இரண்டு முனையையும் இழுத்தால் அக்குள் வரை வரும் நீளம். முகமது அலி கயிறு அடிப்பதைப் பார்த்து மயங்காதவர் யார்? நானும் மயங்கினேன். அலி பன்னிரண்டு வயதில், 1954இல், குத்துச்சண்டைக்குள் வந்தவர் என்பதும், நாம் பார்ப்பது பல வருடப் பழக்கத்துக்குப் பிறகான கால் என்பதும் அப்போது மண்டையில் ஏறவில்லை.

ஆறு மாதம் கழித்து முதல் தடவை ஒருவரோடு எதிரே நின்றேன். இரண்டாவது நிமிடத்தில் இடது பக்கமாக விலகப் போனேன். வலது கால் முதலில் நகர்ந்து, இடது காலுக்குப் பின்னால் போய்ப் பின்னிக்கொண்டது. அந்த நேரம் பார்த்து அவர் இடது கையை நீட்டினார். அதை ஒரு குத்து என்று சொல்ல முடியாது, கதவைத் தட்டுவது போலத்தான் இருந்தது. நான் சீமெந்துத் தரையில் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு யோசித்துப் பார்த்தால் விஷயம் விளங்குகிறது. சாதாரணமாகக் கயிறு அடிக்கும்போது இரண்டு காலும் ஒட்டி நிற்கின்றன. ரிங்கில் கால் ஒட்டுவதுதான் பெரிய தவறு. ஒட்டிய காலில் நின்று பலமாகக் குத்தவும் முடியாது, வரும் குத்தைத் தாங்கவும் முடியாது. தூரத்தை அளப்பதையும் கயிறு கற்றுத்தராது, ஏனென்றால் எதிரே ஆள் இல்லை, நகரவும் தேவையில்லை. ஆனால் கெண்டைக்காலுக்கு உரம் ஏற்றவும், குதியில் நிற்காமல் முன்பாதத்தில் நிற்கப் பழக்கவும், மூச்சையும் தாளத்தையும் சேர்த்துவைக்கவும் கயிற்றை விட மலிவான வழி இல்லை. நிலத்திலிருந்து இரண்டு விரல் உயரத்துக்கு மேல் துள்ளினால் கூலியில்லாத வேலை. வெறும் சீமெந்தில் மெல்லிய சப்பாத்தோடு அடித்தால் முழங்காலுக்குக் கீழே எலும்பு வலிக்கும். எனக்கு மூன்று கிழமை வலித்தது.

வெண்கட்டிக் கோட்டுக்கு என்னை இழுத்தவர், ஒரு காலத்தில் கொழும்பில் ரிங்கில் நின்று, இப்போது எங்கள் பக்கம் கடை வைத்திருக்கும் ஒருவர். நாங்கள் மாஸ்டர் என்போம். பறித்த தேயிலையை நிறுக்கும் கொட்டகையான கொழுந்து மடுவத்தில் வேலை முடிந்து ஆட்கள் போன பிறகு, அந்தச் சீமெந்தில் நீளமாக ஒரு கோடு இழுத்தார். நான் கோட்டின் மேல் நிற்கக் கூடாது. முன்னங்கால் விரல் கோட்டின் ஒரு பக்கம், பின்னங்கால் குதி மறுபக்கம். அப்படியே முன்னே ஓர் அடி, பின்னே ஓர் அடி, கோட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு. எந்தக் காலாவது கோட்டைத் தாண்டினால் திரும்ப முதலிலிருந்து.

"மெதுவா, தம்பி. பஸ் பிடிக்கப் போறியா?" இதைத் தவிர அன்று அவர் வேறொன்றும் சொல்லவில்லை.

கோட்டின் பலம், அது பொய் சொல்லாது. கயிறு அடிக்கும்போது நான் அலி என்று நினைத்துக்கொள்ளலாம். கோட்டின் மேல் என் பின்னங்கால் எவ்வளவு சோம்பேறி என்பது வெள்ளையாகத் தெரிந்துவிடும். முன்னங்கால் ஓர் அடி போனால் பின்னங்கால் முக்கால் அடிதான் வந்தது. நான்கு அடி வைத்ததும் என் கால்கள் விரிந்து, ஐயனார் சிலை மாதிரி நின்றுகொண்டிருந்தேன். பின்னே வரும்போது அதற்கு நேர்மாறு, கால்கள் சுருங்கி ஒட்டிக்கொண்டன. இதற்கு மாஸ்டர் பழைய சாரத்தைக் கிழித்து இரண்டு கணுக்காலையும் சேர்த்துக் கட்டினார், தோளகலத்தை விடக் கொஞ்சம் கூடுதலாக இடைவெளி விட்டு. கால் அளவுக்கு மேல் விரிந்தால் துணி இழுக்கும். சுருங்கினால் துணி தொய்ந்து தரையில் படும். வேகமாகச் செய்தால் விழுவீர்கள், ஆகவே மெதுவாக மட்டும்.

பலவீனமும் உண்டு, மறைக்கவில்லை. அலுப்பு. இருபது நிமிடம் கோட்டில் நடந்தால் வியர்வைகூட வராது, ஏதோ செய்தோம் என்ற திருப்தியும் வராது. கண் வேறு கீழேயே போய்விடும், ரிங்கில் அது ஆபத்து. அதற்கு நான் கண்டுபிடித்த மருந்து மடுவத்து பல்ப். பல்பை முதுகுக்குப் பின்னால் விட்டு நின்றால் எதிர்ச் சுவரில் நிழல் விழும். பார்வை நிழலின் நெஞ்சில், கால் தன்பாட்டில் கோட்டில். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறைதான் குனிந்து சரிபார்ப்பது.

மேட்டு ஓட்டத்துக்கு வருவோம். நம் ஊரில் இதற்குத்தான் மதிப்பு அதிகம். நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அந்தக் காற்றில் ஓடிப் பழகியவன் கீழ்நாட்டில் போய் மூன்று ரவுண்ட் நின்றால் மூச்சு மிஞ்சும் என்று பெரியவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். மூச்சு விஷயத்தில் எனக்குச் சண்டை இல்லை. ஏற்றத்தில் ஓடும்போது முன்பாதத்தில்தான் ஊன்ற வேண்டும், அதுவும் நல்லதுதான். ஆனால் ஓட்டம் என்பதே ஒரு காலை மற்றக் கால் தாண்டிப் போவது. ரிங்கில் செய்யக் கூடாததை ஆயிரம் தடவை செய்துவிட்டு கால் பழகிவிட்டது என்று சொன்னால் எப்படி? சிவனொளிபாத மலைக்கு வருடா வருடம் படியேறுகிறவர்கள் எல்லாரும் குத்துச்சண்டை வீரர்களாகியிருக்க வேண்டும். இறக்கத்தில் ஓடினால் முழங்கால் வாங்கும். அட்டைக்கடியும் நாயும் தனிக்கணக்கு.

மலை கற்றுத்தரும் ஒன்றை நான் ரோட்டில் பார்க்கவில்லை, மலையில் பார்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கைக்காசுக் கொழுந்துக்கு, அதாவது உடன் காசுக்குக் கொழுந்து பறிக்க, அம்மாவோடு போயிருந்தேன். நல்ல சரிவு, முதல் நாள் மழை. அம்மா தேயிலைச் செடி நிரையில் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டிருந்தார். போகிற பக்கத்துக் காலை முதலில் வைத்து, மண் தாங்குகிறதா என்று ஒரு கணம் பார்த்து, பிறகுதான் மற்றக் காலை இழுத்தார். முழங்கால் கொஞ்சம் மடங்கியிருந்தது. ஒரு தடவைகூடக் கால் பின்னவில்லை. முதுகில் பாரம், சரிவில் வழுக்கல், கால் பின்னினால் உருள வேண்டியதுதான். மாஸ்டர் ஒரு மாதமாக எனக்குச் சொல்லிக்கொண்டிருந்த அதே அடி. "என்ன காலையே பார்க்கிற? கையைப் பாரு, கொழுந்து முத்துது" என்று அம்மா ஏசினார்.

தரை ஏணி பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பார்க்க அழகு, வேகம் வரும், வீடியோவுக்கு நல்லது. கண் கீழே, கால்கள் நெருக்கம், அடுத்த அடி எங்கே என்பது முன்பே தெரிந்த வரிசை. குத்துச்சண்டையில் அடுத்த அடி எங்கே என்பதை எதிராளிதான் தீர்மானிக்கிறான். ஒரு வருடம் பழகிய பிறகு ஆசைக்குச் செய்யலாம்.

இவை எல்லாவற்றையும் விட மேலானது ஒன்று உண்டு, அதற்கு ஓர் ஆள் வேண்டும். இருவர் எதிரெதிரே நின்று, குத்தே இல்லாமல், ஒருவர் தோளை மற்றவர் உள்ளங்கையால் தொட வேண்டும். தொட்டால் ஒன்று, தப்பினால் ஒன்று. கிளித்தட்டு ஆடியவர்களுக்கு இது புதிதே இல்லை. கோட்டில் நிற்பவன் பக்கவாட்டில் நகர்ந்து மறிப்பதும், உள்ளே வருபவன் போக்குக் காட்டி நழுவுவதும் அதே வேலைதான். சர்வதேசப் போட்டி ரிங்கில் கயிறுகளுக்குள் ஒரு பக்கம் 6.1 மீட்டர். எங்கள் மடுவத்தில் கிடைப்பது அதில் பாதி. அதுவும் ஒரு வகையில் உதவி: நேராகப் பின்னால் போனால் மூன்றாவது அடியில் சுவர். ஆகவே முன்னங்காலின் முன்பாதத்தை ஊன்றி, பின்னங்காலைச் சுழற்றி, பக்கத்தில் திரும்பியே ஆக வேண்டும். இதில் ஒரே குறை, துணைக்கு ஆள் எனக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் கிடைக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்காரர் மாசி மாதத்தில் தோட்டங்களில் நடக்கும் காமன் கூத்து ஆடுகிறவர். குத்துச்சண்டைக்கு வந்த முதல் நாளே, ஆறு மாதம் கயிறு அடித்த என் காலை விட அவர் கால் நன்றாக இருந்தது. தப்பு மேளச் சத்தத்துக்கு இரவு முழுக்க அடிவைத்த கால் அல்லவா. உக்ரைன் குத்துச்சண்டை வீரர் லோமசென்கோவை அவருடைய அப்பா சிறுவயதில் குத்துச்சண்டையை நிறுத்திவிட்டு நாட்டு நடனம் பழக அனுப்பினார். அந்தப் பையன் பிறகு 2008, 2012 இரண்டு ஒலிம்பிக்கிலும் தங்கம் வாங்கினான். ஆகவே யாராவது கூத்துக்குக் கூப்பிட்டால் போங்கள். ஆனால் கூத்துக்காரருக்கும் ஒரு வியாதி உண்டு: குத்தப் போகும் கணத்தில் சபையைப் பார்ப்பது போல நெஞ்சைத் திறந்து நேராக நின்றுவிடுவார். அவரையும் கோட்டில் விட்டோம்.

இப்போது என் நாற்பது நிமிடம் இப்படிப் போகிறது. முதல் இரண்டு ரவுண்ட் கயிறு, ஆனால் கால்களை ஒட்டாமல், குத்துச்சண்டை நிலையிலேயே நின்று. பிறகு இருபது நிமிடம் கோடும் நிழலும். மிச்ச நேரம் லயத்து வீட்டின் முன்திண்ணையான இஸ்தோப்பில் துணி காயப்போடும் கொடி. தோள் உயரத்தில் அதை இறுக்கிக் கட்டி, முழங்காலை மடக்கித் தலையை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குக் கொடிக்குக் கீழே எடுத்தபடி அடி அடியாக முன்னே போவது. காலும் தலையும் சேர்ந்து நகரப் பழக இதுதான் வழி. துணி காய்கிற நாளில் இது கிடையாது. ஓட்டம் கிழமைக்கு இரண்டு நாள், மூச்சுக்காக மட்டும்.

கோட்டைத்தான் தினமும் புதிதாகப் போட வேண்டியிருக்கிறது. காலையில் கொழுந்து நிறுக்க வருகிறவர்களின் ஈரக் காலில் அழிந்துவிடும். நேற்று நான் குனிந்து கோடு இழுத்துக்கொண்டிருந்தபோது கணக்கப்பிள்ளை எட்டிப் பார்த்தார். "என்ன தம்பி, இந்த வயசுல கிளித்தட்டா?" என்றார். ஆமாம் என்றேன். ஆள் குறைந்தால் தன்னையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார்.