ஸ்பைஸா, விஹெச்டிஎல்-ஏஎம்எஸ்ஸா?
அனலாகும் டிஜிட்டலும் கலந்த கார் எலக்ட்ரானிக்ஸ எதுல சிமுலேட் பண்றதுன்னா, 1973ல பெர்க்லி பல்கலைக்கழகத்துல வந்த ஸ்பைஸ்ங்கற சர்க்யூட் சிமுலேஷன் புரோகிராம் ஒவ்வொரு டிரான்சிஸ்டரோட கரண்ட், வோல்டேஜையும் துல்லியமா சொல்லும், ஆனா ஒவ்வொரு டைம் ஸ்டெப்லயும் மொத்த சமன்பாட்டையும் திரும்பத் தீர்க்கணும், வேகமான கிளாக் வேற சேர்ந்துச்சுன்னா ரன் போட்டுட்டு தூங்கப் போயிடலாம். 1999ல ஐஇஇஇ 1076.1ங்கற தரமா வந்த விஹெச்டிஎல்-ஏஎம்எஸ் வேற ரகம், இது சிஸ்டம் எப்படி நடந்துக்கும்னு எழுதிக் காட்டுற மொழி. மோட்டாரோட டார்க், வேகம், சூடு எல்லாத்தையும் கரண்டோட சேர்த்தே சமன்பாடா எழுதிடலாம், பவர் விண்டோல விரல் மாட்டுனா மோட்டார் கரண்ட் ஏறும், அதை ஒரு வரம்போட ஒப்பிடுற கம்பேரட்டரோட அவுட்புட் மாறும், கன்ட்ரோலர் கண்ணாடிய கீழ இறக்கும், இந்த மொத்த சங்கிலியும் ஒரே ரன்ல தெரியும். ஆனா மாடல்ல எழுதாதது எதுவும் சிமுலேஷன்ல வராது, கம்பேரட்டர் ஆஃப்செட்ட (அது மாற வேண்டிய வோல்டேஜ்ல வர்ற சின்ன விலகல்) மறந்தீங்கன்னா எல்லாம் அழகா பாஸ் ஆகும் :) என் வழக்கம், சிஸ்டம் முழுக்க ஏஎம்எஸ்ல, சந்தேகம் வர்ற பிளாக் மட்டும் ஸ்பைஸ்ல.